திண்டிவனத்துக்கு எடுத்த டிக்கெட்

1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில் சிற்றப்பா வீட்டில் தங்கிப் படித்துவந்த பதினாறு வயது வேங்கடராமன், வீட்டிலிருந்த பழைய அட்லஸ் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். திருவண்ணாமலைக்குப் போக வேண்டும். அந்தப் படத்தின்படி அருகில் உள்ள ரயில் நிலையம் திண்டிவனம். அண்ணனின் கல்லூரிச் சம்பளம் கட்டுவதற்காகச் சித்தி கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டார். மீதி இரண்டு ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டு நிலையத்துக்கு நடந்தார். திண்டிவனத்துக்கு டிக்கெட் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. கையில் மிஞ்சியது மூன்றணா.

விழுப்புரத்திலிருந்து காட்பாடி நோக்கிப் புதிதாகப் போட்டிருந்த ரயில் பாதை அந்த அட்லஸில் இல்லை. அந்தப் பாதை திருவண்ணாமலை வழியாகவே போகிறது என்பது அவருக்குத் தெரியாது. அதைச் சொன்னவர், அதே வண்டியில் பயணம் செய்த வெண்தாடி மௌல்வி ஒருவர். எங்கே போகிறாய் என்று கேட்டார்; திருவண்ணாமலை என்று பதில் வந்ததும், விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும் என்றார். அந்தப் பெரியவரின் பெயர் யாருக்கும் தெரியாது. ரமண மகரிஷியின் வரலாற்றில் அவர் இந்த ஒரு வார்த்தைக்காக மட்டும் வந்து போகிறார்.

விழுப்புரத்தில் இறங்கிய பிறகும் வழி தெளிவாகிவிடவில்லை. ஊருக்குள் போய்க் கைகாட்டிப் பலகைகளில் திருவண்ணாமலையைத் தேடினார். ஒரு ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு இரண்டணா நீட்டியபோது, கையில் இரண்டரை அணாதான் இருக்கிறது என்று அறிந்த ஓட்டல்காரர் வாங்க மறுத்துவிட்டார். அந்தக் காசுக்கு மாம்பழப்பட்டு வரையில்தான் டிக்கெட் கிடைத்தது. அங்கிருந்து நடை. அறையணிநல்லூர்க் கோயில், பிறகு கீழூர்க் கோயில். அங்கே மேளக்காரர் ஒருவர் தமக்குரிய பட்டைச் சோற்றை அவருக்குக் கொடுக்கச் சொன்னார். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டில் வயிறார உணவு. காதில் கிடந்த கடுக்கனை அவரிடம் அடகு வைத்து நான்கு ரூபாய் பெற்றுக்கொண்டு, மீட்பதற்கான முகவரிச் சீட்டை வழியில் கிழித்துப் போட்டுவிட்டு ரயிலேறினார். செப்டம்பர் 1 காலையில் அருணாசலேசுவரர் சந்நிதியில் நின்றார்.

இந்தப் பயணத்தைப் படிக்கும்போதெல்லாம் ஒரு செய்தி என்னைப் பிடித்து நிறுத்தும். வேங்கடராமனுக்கு மரணானுபவம் வாய்த்தது இதற்கு ஆறு வாரங்களுக்கு முன், ஜூலை மாதத்தில். மாடி அறையில் தனியாக இருந்தபோது சாவு பற்றிய பயம் திடீரென்று கவ்வியது. உடம்பைப் பிணம்போல் கிடத்திப் பார்த்து, சாகிறது எது, சாகாதது எது என்று தமக்குள்ளேயே தேடி, தேடியதைக் கண்டும்விட்டார். அதற்குப் பிறகு அந்த அனுபவத்தில் கூடுவதும் குறைவதும் இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அப்படி உள்ளே முடிவு கண்டுவிட்ட ஒருவருக்கு விழுப்புரத்தில் வண்டி மாற வேண்டும் என்று சொல்ல ஒரு மௌல்வி தேவைப்பட்டார். சோறு போட ஓட்டல்காரரும் மேளக்காரரும் பாகவதரும் தேவைப்பட்டார்கள்.

வாழ்க்கையில் திசை தெரியாமல் நிற்பவர்கள் குருவைத் தேடிப் போகும் கதைகள் நம்மிடம் ஏராளம். பெரும்பாலான கதைகள் குருவைக் கண்ட கணத்தோடு நின்றுவிடும். திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவைக் கண்ட மாணிக்கவாசகரை நினைத்தால் நமக்கு அந்த முதல் கணமே நினைவுக்கு வருகிறது. கண்ட குருவைப் பிரிந்து அவர் பிறகு பட்ட தவிப்பு திருவாசகம் முழுக்கப் பரவிக் கிடந்தாலும், கதை சொல்லும்போது அதை மறந்துவிடுகிறோம். அண்ணாமலைக்கு வந்தவர்களைப் பற்றியும் இப்படித்தான் பேசுகிறோம். வந்தார், பார்த்தார், துயரம் தீர்ந்தது. ஆனால் ரமணர் பிறகு தங்கியிருந்த விருபாட்ச குகைக்கு ஏறி வந்தவர்களின் பிற்கால வாழ்க்கையைத் தொடர்ந்து படித்தால் வேறொன்று தெரிகிறது. விடை கிடைத்த பிறகும் அவர்கள் வழி தடுமாறினார்கள். மறுபடி வந்தார்கள். அந்த இரண்டாம் வருகையைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

1902ஆம் ஆண்டு சிவப்பிரகாசம் பிள்ளை அந்தக் குகைக்கு ஏறினார். தத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர். தென்னார்க்காடு மாவட்டத்தில் வருவாய்த் துறை ஊழியர். அலுவல் காரணமாகத் திருவண்ணாமலைக்கு வந்தபோது, மலையில் ஓர் இளம் சாமியார் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனார். சுவாமிக்கு அப்போது வயது இருபத்திரண்டு, பேசுவதில்லை. விரதம் என்று எடுத்துக்கொண்டதல்ல அந்த மௌனம். பேசத் தோன்றவில்லை, பேசவில்லை. பிள்ளை கேள்விகளைக் கேட்டார். சுவாமி சைகையாலும், தரையில் விரலால் எழுதியும், பலகையில் எழுதியும் விடை சொன்னார். முதல் கேள்வியே நான் யார் என்பதுதான்.

இன்று உலகமெங்கும் பல மொழிகளில் படிக்கப்படும் 'நான் யார்?' என்ற சிறு நூல் அந்த மண் தரையில் பிறந்தது. ஒரு பதிலைப் படித்து முடித்ததும் அழித்து, அடுத்ததை எழுத வேண்டிய இடம் அது. பிள்ளை அவற்றைக் குறித்து வைத்துக்கொண்டார். அந்தக் குறிப்புகள் அச்சேறியது 1923இல். இடைப்பட்ட இருபத்தோரு ஆண்டுகள் அவற்றை அவர் யாருக்கும் போதிக்கப் புறப்படவில்லை; தமக்கென்றே வைத்திருந்தார். பின்னர் பகவான் ரமணரே கேள்விகளை நீக்கி அதைக் கட்டுரை வடிவில் எழுதித் தந்தார்.

இவ்வளவு தெளிவான விடையை நேரில் பெற்றவர் அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்தார்? 1910இல் வேலையை விட்டார். எட்டு ஆண்டு யோசனைக்குப் பிறகு. 1913இல் மனைவி காலமானார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. மறுமணம் செய்துகொள்வதா, துறவு வாழ்க்கைக்குப் போவதா என்று மனம் இரண்டாகப் பிளந்தது. மணம் செய்வதென்றால் பணம் வேண்டும், வேலையோ இல்லை. அவர் செய்ததை எண்ணினால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. ஒரு தாளில் நான்கு கேள்விகளை எழுதினார். உலகத் துன்பம் எல்லாம் தீர நான் என்ன செய்ய வேண்டும்? மனத்தில் நினைத்திருக்கும் பெண்ணோடு எனக்குத் திருமணம் நடக்குமா? நடக்காதென்றால் ஏன்? நடக்குமென்றால் அதற்கான பணம் எப்படி வரும்? ஏறக்குறைய இந்தப் பொருளில் எழுதிய தாளைப் புவனகிரிப் பிள்ளையார் கோயிலில் சாமி முன் வைத்துவிட்டு, விடை எழுதித் தரும்படி வேண்டி இரவெல்லாம் கண்விழித்துக் காத்திருந்தார். விடிந்தது. தாள் எழுதி வைத்தபடியே இருந்தது.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்னால் நான் யார் என்று கேட்டவர், இப்போது கல்யாணச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்கிறார். இதைத் தாழ்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனியாகிவிட்ட ஒரு மனிதனின் இரவு அது. முதல் கேள்வி அறிவின் உச்சியில் இருந்து பிறந்தது. இந்த நான்கும் வெறும் வீட்டில் இருந்து பிறந்தன. எந்தக் குருவும் இரண்டுக்கும் சேர்த்துத்தான் விடை சொல்லியாக வேண்டும்.

பிள்ளையார் பேசாததால் அண்ணாமலைக்குப் போனார். தம் குழப்பத்தை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. குகையில் சுவாமியின் அன்றாடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண் துணையும் பணமும் இல்லாமல் ஒருவர் நிறைவாக வாழ முடிகிறது என்பது எதிரிலேயே தெரிந்தது. எழுதி வைத்த கேள்விகளுக்கு இந்த வாழ்க்கையே விடை என்று தோன்றி, ஊருக்குத் திரும்ப எண்ணினார். 1913 மே மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோது சுவாமியின் திருமுகத்தைச் சுற்றிப் பேரொளி தோன்றக் கண்டதாக அவரே பாட்டில் பதிவு செய்திருக்கிறார். மறுமண எண்ணம் அத்தோடு அற்றது. ஆனாலும் அவர் தேறிவிட்டவராகத் தம்மைச் சொல்லிக்கொண்டதில்லை. பிற்காலத்தில் எழுதிய பாடல்களிலும் தம் மனம் இன்னும் திருந்தவில்லையே என்று கதறியிருக்கிறார். 1948இல் மறையும் வரை அடக்கமாக, ஒதுங்கியே வாழ்ந்தார். 'நான் யார்?' நூலைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் கேள்வி கேட்டவரின் இந்தப் பிற்கதையையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

காவ்யகண்ட கணபதி முனிவரின் தடுமாற்றம் வேறு வகை. ஆந்திர நாட்டில் பிறந்தவர். 1900இல் வங்காளத்து நவத்வீபப் பண்டித சபையில் ஆசுகவியாகப் பாடிப் பட்டம் வென்றவர். கோடிக்கணக்கில் மந்திர ஜபம் செய்தவர். 1907 நவம்பர் 18, கார்த்திகைத் திருவிழாக் காலம், நடுப்பகல் வெயிலில் மலையேறி வந்து, தம்மைவிட ஒரு வயது இளைய சுவாமியின் பாதங்களைப் பற்றிக்கொண்டார். படிக்க வேண்டியதெல்லாம் படித்தாயிற்று, ஜபமும் திகட்டத் திகட்டச் செய்தாயிற்று, ஆனால் தவம் என்றால் என்னவென்று இன்னும் விளங்கவில்லை என்றார். சுவாமி கால்மணி நேரம் மௌனமாக அவரைப் பார்த்தார். பிறகு சொன்னதன் சாரம் இது: நான் என்ற நினைப்பு எங்கிருந்து எழுகிறது என்று பார்த்தால் மனம் அங்கே ஒடுங்கும், அதுவே தவம், மந்திரம் சொல்லும்போது அதன் ஒலி எங்கிருந்து எழுகிறது என்று பார்த்தாலும் அப்படியே. புதிதாக ஒரு மந்திரம் தரவில்லை. இத்தனை ஆண்டு செய்த ஜபத்தைத் தள்ளவும் இல்லை. அதையே வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்கும் திசையை மட்டும் சொன்னார். தொண்டர் பழனிசுவாமியிடம் சுவாமியின் இயற்பெயரைக் கேட்டறிந்து, பகவான் ரமண மகரிஷி என்று உலகுக்கு அறிவித்தவர் கணபதி முனிவர்தான்.

இந்தக் குகையை நேரில் காணாதவர்களுக்காகச் சில வரிகள். ரமணாசிரமத்தின் பின்வாசல் வழியாக மலைப்பாதையில் ஏறினால் முதலில் கந்தாசிரமம். அங்கிருந்து கீழ்நோக்கி இறங்கும் கல்பாதையில் கொஞ்ச தூரம் வந்தால் விருபாட்ச குகை. கீழே ஊரும், பெரிய கோயிலின் ஒன்பது கோபுரங்களும் கோலம் போட்டதுபோல் தெரியும். குகைக்குள் விருபாட்ச தேவரின் சமாதி மேடை. நுழைந்தவுடன் கண் இருட்டும், வெளிக்காற்று எட்டாது, பாறையின் வெதுவெதுப்பு மேலே படிந்து வியர்க்கும். நாலைந்து பேர் சுவரோடு சாய்ந்து உட்காரலாம். சமாதி மேடையில் எரியும் சின்ன விளக்கைத் தவிர அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

என் தாயார் இறந்த ஆண்டு நான் முதல்முறை அங்கே போய் உட்கார்ந்தேன். என்னென்னவோ படித்துவிட்டு, ஏதோ நேரும் என்று நம்பிப் போயிருந்தேன். எதுவும் நேரவில்லை. அழுகைகூட வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவின் பினாயில் வாசனைதான் மூக்கில் நின்றது. பக்கத்தில் ஒரு பாட்டி கண்ணை மூடியபடி முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது என் தலையில் கையை வைத்து, "இன்னொரு தடவை வாப்பா" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அதன் பிறகு பலமுறை போயிருக்கிறேன். எந்தத் தடவையில் அந்த வாசனை நின்றது என்று எனக்கு நினைவில்லை. எப்போதோ நின்றுவிட்டது.

எச்சம்மாளின் வரலாறு எனக்குப் பிடிபட்டதும் அந்த வருகைகளுக்குப் பிறகுதான். போளூருக்கு அருகிலுள்ள மண்டகொளத்தூர்க்காரர். இயற்பெயர் லட்சுமி அம்மாள். கணவரும், ஒரே மகனும், ஒரே மகளும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. இருந்த வீடே நினைவுகளால் சுட்டது. தகப்பனாரின் அனுமதியோடு மேற்குக் கரையில் உள்ள கோகர்ணம் வரை போய், அங்கிருந்த சாதுக்களுக்குத் தொண்டு செய்து பார்த்தார். துக்கம் கூடவே வந்தது. ஊர் திரும்பியபோது உறவினர்கள் திருவண்ணாமலை மௌன சுவாமியைப் பற்றிச் சொன்னார்கள். அந்த ஊரில் சொந்தக்காரர்கள் இருந்தும் அவர்கள் வீட்டுக்குப் போகாமல், ஒரு தோழியோடு நேரே மலையேறினார். பார்த்தவர்கள் பேசும் ஆறுதல் மொழிகள் புண்ணைக் கிளறும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குகை வாசலில் ஒரு மணி நேரம் நின்றார். சுவாமி பேசவில்லை, இவரும் தம் கதையைச் சொல்லவில்லை. கிளம்ப மனமில்லாமல் கிளம்பியபோது நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியிருந்தது. அதன் பிறகு பிள்ளைகளைப் பற்றியும் கணவரைப் பற்றியும் கண்ணீர் இல்லாமல் பேச முடிந்தது.

இந்த ஒரு மணி நேரத்தைத்தான் எல்லா நூல்களும் வியந்து எழுதுகின்றன. எனக்கோ அதைவிடப் பெரியதாகத் தோன்றுவது அடுத்த முப்பத்தெட்டு ஆண்டுகள். எச்சம்மாள் திருவண்ணாமலையிலேயே தங்கினார். தினமும் சமைத்து, அன்னத்தைச் சுமந்துகொண்டு மலையேறினார். 1916இல் சுவாமி கந்தாசிரமத்துக்கு மாறியதும் அங்கே ஏறினார். 1922இல் சுவாமியின் அன்னை அழகம்மாள் சமாதியடைந்து, அடிவாரத்தில் ஆசிரமம் எழுந்ததும் அங்கே நடந்தார். கோடை, மழை, கார்த்திகைக் கூட்டம் எல்லாவற்றிலும் அந்த நடை நிற்கவில்லை. அரிசி களைந்து, காய் நறுக்கி, சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்ற பரபரப்பு ஒவ்வொரு காலையும் அவருக்கு இருந்தது. துக்கப்பட்ட மனத்துக்கு அது எத்தனை பெரிய தாங்கல் என்று, வீட்டில் யாரையாவது இழந்த பிறகு மறுநாள் காலை அடுப்பு மூட்டியவர்களுக்குத் தெரியும்.

உபதேசம் அவருக்குத் தனியாகக் கிடைத்ததில்லை என்று சொல்ல முடியாது. ஒருமுறை லட்சம் தளிர் இலைகளால் பூஜை செய்வதாக நேர்ந்துகொண்டார். ஐம்பதாயிரம் வரை ஆயிற்று. அதற்குள் கோடை வந்துவிட்டது, தளிர் கிடைக்கவில்லை. என்ன செய்வது என்று பகவானிடம் முறையிட்டார். இலை கிடைக்காவிட்டால் உன் உடம்பைக் கிள்ளிக் கிள்ளிப் பூஜை செய்யேன் என்றார் பகவான். ஐயோ, வலிக்குமே என்றார் அம்மாள். இலையைக் கிள்ளினால் மரத்துக்கு வலிக்காதா என்று திரும்பக் கேட்டார் பகவான். முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று அம்மாள் முகம் வெளிறிக் கேட்டபோது, கிள்ளினால் வலிக்கும் என்று உனக்கே தெரியும்போது நான் சொல்ல வேண்டுமா என்றார். வழி காட்டும் முறை அவருடையது இப்படித்தான் இருந்தது. தெரிந்ததையே ஒருவருக்கு மறுபடி எடுத்துக் கையில் கொடுப்பார்.

ஆனால் எச்சம்மாளுக்கு இரண்டாவது இருள் வராமல் இல்லை. பகவானின் இசைவு பெற்று அவர் செல்லம்மாள் என்ற பெண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தார். வளர்ந்ததும் கல்யாணம் செய்து கொடுத்தார். செல்லம்மாளுக்கு ஆண் குழந்தை பிறந்து, ரமணன் என்று பெயரிட்டார்கள். எல்லாவற்றையும் இழந்த ஒரு பெண்ணுக்குப் பேரன் வந்துவிட்டான். பிறகு ஒரு நாள் தந்தி வந்தது. செல்லம்மாள் இறந்துவிட்டாள்.

ஏற்கெனவே ஒருமுறை அந்தக் குகை வாசலில் துக்கத்தை இறக்கி வைத்தவர் எச்சம்மாள். அந்த ஒரு மணி நேரம் உண்மையென்றால் இது ஏன் மறுபடி நடக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். அவர் அப்படிக் கேட்டதாக எங்கும் இல்லை. தந்தியை எடுத்துக்கொண்டு பகவானிடம்தான் வந்தார். பகவான் அதை வாங்கிப் படித்தார். படித்ததும் அவர் கண்களிலிருந்து நீர் வழிந்தது. இறப்பென்பது உடம்புக்கு மட்டுமே என்று பதினாறு வயதிலேயே கண்டவர். அன்று எச்சம்மாளிடம் அதை எடுத்துச் சொல்லவில்லை. அழுதார்.

எச்சம்மாள் ஊருக்குப் போய்ச் செல்லம்மாளின் இறுதிக் காரியங்களை முடித்துவிட்டு, தாயில்லாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். அதைக் கொண்டுவந்து பகவானின் கைகளில் வைத்தார். குழந்தையை வாங்கிக்கொண்ட அவர் கண்கள் மீண்டும் நிறைந்தன. 1945இல் எச்சம்மாள் கண்மூடினார். அதுவரை அவர் வீட்டு அன்னம் பகவானுக்கு வந்துகொண்டிருந்தது.